செய்தித் தளத்தில் பிழை வந்தால்: சத்தமில்லாமல் மாற்றுவது ஏன் தப்பு

அச்சுப் பத்திரிகையில் தப்பு வந்தால் மறைக்க வழியில்லை. காலையில் வீடு வீடாகப் போய்விட்ட பிரதிகளைத் திரும்ப வாங்கி வர முடியாது. மறுநாள் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, 'நேற்றைய இதழில் இப்படி வெளியானது தவறு, வருந்துகிறோம்' என்று அச்சிடலாம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் தப்பு ஒரு தாளில் இருக்கும், திருத்தம் இன்னொரு தாளில் இருக்கும். நூலகத்தில் இரண்டு இதழ்களையும் எடுத்து வைத்துப் பார்த்தால் நடந்தது என்னவென்று புரிந்துவிடும்.

இணையத்தில் எல்லாமே சுலபம், அதுதான் சிக்கல். டெஸ்கில், அதாவது செய்திகளைச் செப்பனிட்டு வெளியிடும் பிரிவில் இருப்பவர் உள்ளே போய், தப்பான வரியை அழித்து, சரியான வரியை அடித்து, பொத்தானை அமுக்கினால் முடிந்தது. பக்கத்தின் முகவரி மாறாது. பழைய வரி இருந்த சுவடே தெரியாது. பதினோரு மணிக்கு வருகிறவர் சரியான செய்தியைப் படிப்பார். பத்து மணிக்குப் படித்துவிட்டுப் போனவர்? அவர் தலையில் தப்பான செய்திதான் இருக்கிறது. அதை வீட்டில் சொல்லியிருப்பார், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருப்பார், அதை வைத்து யாருடனாவது சண்டைகூடப் போட்டிருப்பார். மருந்துக்கடையில் தப்பான மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அலமாரியில் டப்பாவை மட்டும் சரியாக அடுக்கி வைத்தால் போதுமா? வாங்கிப் போனவரைத் தேடிப் பிடிக்க வேண்டாமா?

பிழை திருத்தம் பற்றி நல்ல செய்தி நிறுவனங்கள் வைத்திருக்கும் விதிகள் பலவும் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்புபவைதான். பக்கத்தில் இருக்கும் எழுத்தைச் சரிசெய்வது பாதி வேலை. ஏற்கெனவே படித்துவிட்டவருக்கு, 'நாங்கள் சொன்னது தப்பு, சரியானது இது' என்று தெரிவிப்பது மீதிப் பாதி. பல தளங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

ஒரே தப்பு, இரண்டு பதில்

2012 ஜூன் 28, வாஷிங்டன். அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். எல்லாரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காதவர்கள் பணம் கட்ட வேண்டும் என்ற பிரிவுதான் வழக்கின் மையம். காலை பத்து மணி தாண்டிச் சில நிமிடங்களில் தீர்ப்பின் பிரதிகள் நிருபர்களின் கைக்கு வந்தன. கருத்துரை, மாறுபட்ட தீர்ப்பு எல்லாம் சேர்த்து 190 பக்கங்களுக்கு மேல்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பில் வாதம் இரண்டு படிகளாக வருகிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு இந்தக் கட்டாயத்தை நியாயப்படுத்த முடியாது என்பது முதல் படி. ஆனால் இதை ஒரு வரியாகப் பார்த்தால், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் செல்லும் என்பது இரண்டாவது படி. முதல் படியைப் படித்த கையோடு சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் 'கட்டாயக் காப்பீடு ரத்து' என்று அறிவித்துவிட்டன. சிஎன்என் தன் இணைய முகப்பிலும் மின்னஞ்சல் அறிவிப்பிலும் அதையே போட்டது. வெள்ளை மாளிகையில் ஒபாமாவே தொலைக்காட்சித் திரையைப் பார்த்து முதலில் தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தார். அப்புறம் அவருடைய சட்ட ஆலோசகர் வந்துதான் சட்டம் தப்பியது என்று சொன்னார்.

சில நிமிடங்களில் இரண்டு நிறுவனங்களும் செய்தியை மாற்றின. அதுவரை இருவருக்கும் வித்தியாசமில்லை. அதற்குப் பிறகுதான் பாதை பிரிந்தது. கட்டாயக் காப்பீடு பற்றிய தீர்ப்பை முழுதாகப் பார்க்கும்வரை காத்திருக்காததற்கு வருந்துகிறோம், சில நிமிடங்களில் திருத்திவிட்டோம், தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்று சிஎன்என் அறிக்கை விட்டது. ஃபாக்ஸ், தகவல்கள் வர வர அப்படியே கொடுத்தோம் என்ற தொனியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டது.

ஃபாக்ஸின் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வந்த தகவல் தப்பாக இல்லை. தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது, படித்தவர்தான் பாதியில் நிறுத்தினார். 'வந்ததைக் கொடுத்தோம்' என்று சொல்வது பழியைத் தீர்ப்பின் மேல் போடுவது. சிஎன்என்னின் அறிக்கையில் என்ன தப்பு, ஏன் நேர்ந்தது, என்ன செய்தோம் என்ற மூன்றும் இருக்கின்றன. தப்பின் அளவு ஒன்றுதான். ஆனால் அடுத்த முறை அவசரச் செய்தி வரும்போது எந்த நிறுவனம் கடைசிப் பக்கம்வரை படிக்கும் என்று வாசகர் கணிக்க ஏதோ ஒரு அடிப்படையாவது சிஎன்என் தந்தது.

எது திருத்தம், எது வெறும் அப்டேட்

ஒற்று விடுபட்டது, துணைக்கால் காணாமல் போனது போன்ற எழுத்துப்பிழைகளைப் பேசாமல் சரிசெய்யலாம். அதற்கெல்லாம் அறிவிப்புப் போட்டால் வாசகருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் பெயர் விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. நம் ஊரில் இனிஷியல் ஒரு எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். ஒரே தெருவில் ஆர். முருகனும் எஸ். முருகனும் இருப்பார்கள், ஒருவர் மேல் வழக்கு இருக்கும். அங்கே அது எழுத்துப்பிழை இல்லை, தகவல் பிழை.

ஓடிக்கொண்டிருக்கும் செய்தி இன்னொரு வகை. விபத்தில் மூன்று பேர் இறந்தார்கள் என்று காலையில் போட்டு, மருத்துவமனையில் இருவர் இறந்த பிறகு ஐந்து என்று மாற்றினால் அது அப்டேட். காலையில் சொன்னது அந்த நேரத்தில் உண்மை. ஆனால் காலையில் ஐந்து என்று போட்டு, மாலையில் காவல்துறை 'மூன்று பேர்தான்' என்று சொன்னால் காலையில் சொன்னது எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை. அது திருத்தம், அதற்குக் குறிப்பு வேண்டும். எண்ணிக்கை ஏறினால் அப்டேட், இறங்கினால் திருத்தம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பல தளங்கள் இரண்டையும் 'அப்டேட்' என்ற பெயரில் ஒரே கூடைக்குள் போடுகின்றன. அது நேர்மையில்லை.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு பிழை வகையும் உண்டு. பல தளங்களுக்கும் செய்தி அனுப்பும் ஏஜென்சியின் ஆங்கிலச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கும்போது மில்லியனும் பில்லியனும் வழுக்கிவிடும். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. இதில் ஒரு பூஜ்யம் தவறினால் அரசுத் திட்டத்தின் மதிப்பு பத்து மடங்கு ஊதிவிடும் அல்லது சுருங்கிவிடும். வாசகர்களும் பெரிய தொகை என்றால் பெரிய தொகை என்று கடந்துவிடுவார்கள், யாரும் புகார் செய்ய மாட்டார்கள். புகார் வராவிட்டாலும் கண்டுபிடித்தவுடன் குறிப்புப் போட வேண்டிய பிழை இது.

தகவல் எதுவும் தப்பில்லை, ஆனால் சொன்ன விதம் வேறு அர்த்தம் தருகிறது என்றால் அதற்கு 'விளக்கம்' என்ற தலைப்பில் குறிப்புப் போடும் வழக்கம் உண்டு. செய்தியின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டால் வாபஸ் வாங்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இந்த வகைகளுக்கு நடுவே ஒரு வழுக்குப் பாறையும் உண்டு. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் நாடாளுமன்றத்தில் சாதித்தவை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. முதலில் அது அவருக்குச் சாதகமான தொனியில் இருந்தது. சில மணி நேரத்தில் தலைப்பு மாறியது, அவரால் பெரிதாக எதுவும் முடியாது என்ற சாயலில் பத்திகள் சேர்ந்தன. தகவல் பிழை எதையும் அவர்கள் திருத்தவில்லை, ஆகவே திருத்தக் குறிப்பும் போடவில்லை. முதல் வடிவத்தைப் படித்துப் பகிர்ந்தவர்கள், தாங்கள் பகிர்ந்த லிங்க்கில் இப்போது வேறு கட்டுரை இருப்பதைப் பார்த்துக் கொதித்தார்கள். அந்தப் பத்திரிகையின் வாசகர் பிரதிநிதியாக அப்போது இருந்த மார்கரெட் சல்லிவன் இதைப் பற்றி எழுதினார், ஆசிரியர் குழுவைக் கேள்வி கேட்டார். தகவல் மாறாவிட்டாலும் கட்டுரையின் முடிவு மாறினால் வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

இந்த மாதிரி மாற்றங்கள் ஒளிந்திருக்க முடியாது என்பதையும் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கிறது. 2012இல் வந்த நியூஸ்டிஃப்ஸ் என்ற திட்டம் பெரிய செய்தித் தளங்களின் கட்டுரைகள் எப்படி எப்படி மாறுகின்றன என்று வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டியது. இவையெல்லாம் இல்லாவிட்டாலும் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.

குறிப்பை எப்படி எழுதுவது

மோசமான குறிப்பு இப்படி இருக்கும்: 'இச்செய்தியில் இருந்த சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' எந்தப் பிழை? காலையில் படித்தவர் இதைப் பார்த்து என்ன செய்வார்? தான் படித்ததில் எது பொய் என்று அவரே துப்பறிய வேண்டும்.

நல்ல குறிப்புக்குக் கற்பனையாக ஒரு மாதிரி: 'இந்தச் செய்தியின் முதல் வடிவத்தில், இந்த வழக்கில் நகராட்சி உதவிப் பொறியாளர் கைது செய்யப்பட்டதாகக் குறிப்பிட்டிருந்தோம். அது தவறு. அவர் சாட்சியாக விசாரிக்கப்பட்டார், கைது செய்யப்படவில்லை. தவறுக்கு வருந்துகிறோம். மார்ச் 4, மாலை 6.20 மணிக்குத் திருத்தப்பட்டது.' எது தப்பு, எது சரி, எப்போது மாறியது என்ற மூன்றும் வந்துவிட்டன. முடிந்தால் ஏன் நேர்ந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

அந்தக் 'காரண வரி'க்கு நல்ல எடுத்துக்காட்டு அசோசியேட்டட் பிரஸ். 2022 நவம்பர் 15 அன்று ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் விழுந்து இருவர் இறந்ததாக அந்த ஏஜென்சி செய்தி அனுப்பியது. போலந்து நேட்டோ நாடு, அந்த ராணுவக் கூட்டணியில் ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகக் கொள்வார்கள், ஆகவே மூன்றாம் உலகப் போரா என்று உலகமே பதறியது. மறுநாள் ஏபி அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்றது. பெயர் சொல்லாத ஒரு மூத்த அமெரிக்க உளவு அதிகாரி தந்த தகவலை வைத்துத் தவறாகச் செய்தி வெளியிட்டோம், அந்த ஏவுகணைகள் ரஷ்யத் தயாரிப்பு, ஆனால் ரஷ்யத் தாக்குதலைத் தடுக்க உக்ரைன் ஏவியவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று குறிப்பில் சொன்னது. இதைப் படிக்கும் வாசகருக்கு ஒரே ஒரு பெயரில்லாத ஆளை நம்பியதால் வந்த வினை என்று தெரிகிறது.

நியூயார்க் டைம்ஸ் குறிப்புகளில் 'எடிட்டிங்கில் நேர்ந்த பிழையால்' என்ற தொடர் அடிக்கடி வரும். நிருபர் சரியாக எழுதி, டெஸ்கில் வெட்டித் தைக்கும்போது கெட்டுப்போனால் பழி நிருபர் மேல் விழாமலிருக்க அந்தத் தொடர். தமிழில் பல தளங்களில் செய்தியை எழுதியவர் பெயரே இருப்பதில்லை, 'இணைய டெஸ்க்' என்று மட்டும் இருக்கும். பழியும் இல்லை, பாராட்டும் இல்லை.

தப்பான தகவலைத் திருத்தக் குறிப்பில் மறுபடி எழுதலாமா என்ற கேள்வி ஆசிரியர்களிடையே பழசு. எழுதினால் தப்பு இன்னொரு முறை பரவும், எழுதாவிட்டால் எதைத் திருத்தினோம் என்றே புரியாது. பொதுவாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஆனால் ஒருவரின் மானத்தைப் பாதிக்கும் பொய்யாக இருந்தால் அதை வார்த்தைக்கு வார்த்தை திரும்ப எழுதாமல், 'அவர் மீது நாங்கள் சுமத்திய குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை' என்று சுருக்கமாக முடிக்கலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரிந்துவிட்டது என்றால் கதையே வேறு. அதை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி குற்றம், குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடுக்கிறது. அங்கே பெயர், ஊர், பள்ளி, படம் எல்லாவற்றையும் உடனே எடுத்துவிட வேண்டும். 'சட்டக் காரணங்களுக்காகச் சில விவரங்கள் நீக்கப்பட்டன' என்பதற்கு மேல் குறிப்பில் ஒரு சொல்கூட வரக் கூடாது.

எங்கே போடுவது? தலைப்போ முதல் பத்தியோ தப்பாக இருந்தால் குறிப்பு செய்தியின் உச்சியில் வர வேண்டும். பத்தாவது பத்தியில் ஒரு தேதி தப்பு என்றால் கீழே போட்டால் போதும். பிரிட்டனில் பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இப்சோ என்ற அமைப்பு நிர்வகிக்கும் ஆசிரியர் விதித்தொகுப்பு, முக்கியமான பிழையை உடனடியாகவும் உரிய முக்கியத்துவத்தோடும் திருத்தச் சொல்கிறது, தேவைப்பட்டால் மன்னிப்பும் வெளியிடச் சொல்கிறது. 'உரிய முக்கியத்துவம்' என்பதில்தான் சண்டை எல்லாம். முதல் பக்கத்தில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, இருபத்தி நான்காம் பக்கத்தில் விடுவிப்பது அதில் அடங்காது. திருத்தங்களையெல்லாம் தேதி வாரியாகச் சேர்த்து ஒரு தனிப் பக்கம் வைப்பது கூடுதல் நல்லது, ஆனால் அது செய்தியிலேயே போடும் குறிப்புக்கு மாற்று இல்லை.

போன செய்தியைத் துரத்துவது

இது யாரும் விரும்பாத வேலை, ஆனால் இணையத்தில் திருத்தத்தின் பெரும்பகுதி இதுதான். இன்று பெரும்பாலானோர் தளத்துக்கு வந்து படிப்பதில்லை. தலைப்பு மட்டும் நோட்டிஃபிகேஷனில் வந்து விழுகிறது, அதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். தப்பான தலைப்பை ஃபோனுக்கு அனுப்பியிருந்தால், திருத்தத்தையும் ஃபோனுக்கே அனுப்ப வேண்டும். 'திருத்தம்:' என்று தொடங்கி ஒரு வரி. வாசகர் தொந்தரவாக நினைப்பார் என்று தளங்கள் தயங்குகின்றன. தப்பான செய்தியை அனுப்பும்போது அந்தத் தயக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

எக்ஸ் தளத்தில் போட்ட பதிவு பகிரப்பட்டு ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு அடியிலேயே பதிலாகத் திருத்தத்தைப் போட்டு, அப்புறம் புதிய பதிவும் போடலாம். பழையதை அழிப்பதாக இருந்தால், அழித்ததையும் ஏன் அழித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணச் செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம், அதற்குள் அது இருபது குழுக்களுக்குப் போயிருக்கும். யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே லிங்க்கில் வேறு வீடியோவாக மாற்ற முடியாது. சிறு பகுதியை வெட்டலாம், விவரக் குறிப்பிலும் முதல் கமெண்ட்டிலும் திருத்தம் போடலாம். 2022 முதல் யூடியூபே திருத்தங்களைக் காட்டும் வசதியைத் தருகிறது. தமிழ்ச் செய்திச் சேனல்களில் அதை யாராவது பயன்படுத்திப் பார்த்தால் சந்தோஷம்.

இன்னும் சில பொந்துகள் உண்டு. தலைப்பை மாற்றினாலும் பக்கத்தின் முகவரிக்குள் பழைய தலைப்பின் சொற்கள் அப்படியே நிற்கும். லிங்க்கைப் பகிரும்போது வரும் சின்னப் பெட்டியில் பழைய படமும் பழைய தலைப்பும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். செய்தியை எடுத்துப் போடும் ஆப்களிலும் கூட்டாளித் தளங்களிலும் பழைய வடிவம் உட்கார்ந்திருக்கும். 2020 நவம்பரில் பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலி தன் தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது, தயாராக எழுதி வைத்திருந்த சுமார் 100 இரங்கல் கட்டுரைகள் தவறுதலாக வெளியாகிவிட்டன. எலிசபெத் அரசி, பெலே, கிளின்ட் ஈஸ்ட்வுட் எல்லாரும் ஒரே நாளில் 'இறந்து' போனார்கள். தன் தளத்தில் நீக்கியதோடு வேலை முடியவில்லை, கூட்டாளித் தளங்களுக்குப் போனதையும் விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏஜென்சிச் செய்தியில் சிக்கல் இன்னும் கூடுதல். இந்தியத் தளங்கள் பலவற்றில் ஏஜென்சி அனுப்பும் செய்தி யார் கண்ணும் படாமல் தானாக வெளியாகும், 'எங்கள் குழு இதைத் திருத்தவில்லை' என்று ஒரு வரியும் இருக்கும். ஏஜென்சி பிறகு திருத்தம் அனுப்பினால் அது புதிய செய்தியாக எங்கோ வந்து நிற்கும், பழையது பழையபடியே இருக்கும். வரும் செய்தியைத் தானாகப் போடத் தெரிந்த இயந்திரத்துக்குத் திருத்தத்தைத் தானாகச் சேர்க்கவும் கற்றுத் தரலாம். செலவு பிடிக்கும், அதுதான் விஷயம்.

மரணச் செய்தி பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 5 மாலை, முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. ராயப்பேட்டையில் அதிமுக தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. அப்போலோ மருத்துவமனை மறுத்தது, உயிர்காக்கும் கருவிகளோடு சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30 மணிக்கு அவர் இறந்தார் என்று பின்னர் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. இப்போது ஒரு கேள்வி: மாலையில் போட்ட செய்திக்குத் திருத்தம் வேண்டுமா, அல்லது அதுதான் உண்மையாகிவிட்டதே என்று விட்டுவிடலாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்த ஆறு மணி நேரம் அது பொய்தான். மாநிலம் முழுக்கக் கடைகள் மூடி, பேருந்துகள் நின்று, மக்கள் பதறி வீட்டுக்கு ஓடிய ஒரு மாலையில், உறுதி செய்யாமல் சொன்னதற்கு இரவு நடந்தது சாக்காகாது.

எடுத்தே விடலாமா?

பிழை பெரிதாக இருந்தால் பக்கத்தையே நீக்கிவிடத் தோன்றும். லிங்க்கைத் திறந்தால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வரும். இதைவிட மோசமான வழி இல்லை. படித்தவருக்கு எதுவும் தெரியாது, செய்தியில் சொல்லப்பட்டவருக்கு நியாயமும் இல்லை.

வாபஸ் வாங்குவதாக இருந்தால் அதே முகவரியில், 'இந்தச் செய்தி திரும்பப் பெறப்பட்டது, காரணம் இது' என்ற குறிப்பு நிற்க வேண்டும். ரோலிங் ஸ்டோன் இதழ் 2014இல் ஒரு பல்கலைக்கழகப் பாலியல் வன்முறை பற்றி வெளியிட்ட கட்டுரை கேள்விக்குள்ளானபோது, விசாரிக்கும்படி கொலம்பியா இதழியல் கல்லூரியையே கேட்டது. 2015 ஏப்ரலில் அந்த நீண்ட அறிக்கையைத் தன் தளத்திலேயே வெளியிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எங்கெங்கே சரிபார்க்காமல் விட்டார்கள் என்று அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. இந்தியாவில் 2022 அக்டோபரில் 'தி வயர்' தளம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் பற்றிய செய்திகளை முதலில் உறுதியாக ஆதரித்து, பிறகு தன் உள் ஆய்வுக்குப் பின் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அந்த நடுவாந்திர நாட்களில் சந்தேகம் கேட்டவர்களை எதிரிகளாகப் பார்த்ததுதான் வாபஸ் வாங்கியதைவிட அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிழையே இல்லாத பழைய செய்தியை நீக்கச் சொல்லி வரும் கோரிக்கை வேறு ரகம். பத்து வருடத்துக்கு முன் கைதானவர், பின்னால் விடுதலை ஆனவர், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அந்தக் கைதுச் செய்திதான் தேடலில் முதலில் வருகிறது. கைது நடந்தது உண்மை, ஆனால் செய்தி பாதியில் நிற்கிறது. பாஸ்டன் குளோப் நாளிதழ் 2021 ஜனவரியில் இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க ஒரு திட்டமே தொடங்கியது: சிலவற்றில் பின்கதையைச் சேர்ப்பது, சிலவற்றில் பெயரை எடுப்பது, சிலவற்றைத் தேடலில் வராமல் செய்வது. நம் தளங்கள் குறைந்தபட்சம் 'இவ்வழக்கில் இவர் விடுதலை செய்யப்பட்டார்' என்று பழைய செய்தியின் தலையில் ஒரு வரி சேர்க்கலாம். காசு செலவில்லாத வேலை.

திருத்தத்துக்குக் காலக்கெடு உண்டா என்று கேட்டால் கிடையாது. விண்வெளியின் வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று நினைத்து 1920இல் ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கொடார்டைக் கேலி செய்த நியூயார்க் டைம்ஸ், அப்போலோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, தவறுக்கு வருந்துவதாக எழுதியது. அதே பத்திரிகை 1853இல், கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு மீண்ட சாலமன் நார்த்தப்பின் பெயரைத் தப்பாக அச்சிட்டதை 2014 மார்ச்சில் திருத்தியது. ஒரு வாசகர் ட்விட்டரில் சுட்டிக் காட்டியதுதான் காரணம்.

வாசகர் யாரிடம் சொல்வது?

பெரும்பாலான பிழைகள் திருத்தப்படாமலேயே போகின்றன. ஓரகன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் மேயர் அமெரிக்காவின் 10 நாளிதழ்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் பிழை இருந்த செய்திகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே திருத்தம் வந்திருந்தது. செய்தியில் இடம்பெற்றவர்கள் பலர் புகார் செய்வதே இல்லை என்பது ஒரு காரணம். என்ன பிரயோஜனம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்காகவே சில பத்திரிகைகள் வாசகர் புகார்களை விசாரிக்க, ஆசிரியருக்குக் கட்டுப்படாத ஒருவரை நியமித்தன. லண்டன் கார்டியனில் 1997இல் இயன் மேய்ஸ் வாசகர் ஆசிரியர் ஆனார். சென்னையில் 'தி இந்து' 2006இல் கே. நாராயணனை அப்பதவியில் அமர்த்தியது. பிற்பாடு எஸ். விஸ்வநாதன், ஏ.எஸ். பன்னீர்செல்வன் ஆகியோர் தொடர்ந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் 2003இல் உருவாக்கிய இதே மாதிரிப் பதவியை 2017இல் எடுத்துவிட்டது. சமூக ஊடகத்தில் வாசகர்களே கேள்வி கேட்கிறார்களே என்பது அவர்கள் வாதம். கூட்டம் கத்துவதும், ஒரு ஆள் உட்கார்ந்து கோப்பைப் புரட்டி விசாரிப்பதும் ஒன்றா என்று தோன்றாமல் இல்லை.

சட்டப் பக்கம் அவ்வளவு தெம்பாக இல்லை. இந்திய பிரஸ் கவுன்சில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது, பத்திரிகைகளையும் ஏஜென்சிகளையும் கண்டிக்கலாம், அபராதம் விதிக்க முடியாது. இணையத்தில் மட்டும் இயங்கும் தளங்கள் அதன் வரம்பில் வராது. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒவ்வொரு இணையச் செய்தி நிறுவனமும் குறைதீர் அலுவலரை வைத்து 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றன. அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான உட்பிரிவுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பல தளங்கள் அடிப்பக்கத்தில் அந்த அலுவலரின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டிருக்கின்றன, அங்கே எழுதலாம். இலங்கையில் பத்திரிகைத் துறையே 2003இல் அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது.

எழுதும்போது கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, லிங்க், ஸ்கிரீன்ஷாட், நீங்கள் பார்த்த நேரம், தப்பான வாக்கியம் எது, சரியானது எது, அதற்கு என்ன ஆதாரம் என்று வரிசையாகக் கொடுங்கள். 'உங்கள் செய்தி முழுக்கப் பொய்' என்று வரும் மின்னஞ்சலைத் தட்டிக் கழிப்பது சுலபம். 'மூன்றாம் பத்தியில் தீர்ப்பு தேதி 12 என்று இருக்கிறது, நீதிமன்ற உத்தரவில் 21 என்று இருக்கிறது, உத்தரவை இணைத்திருக்கிறேன்' என்று வருவதைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். திருத்தினார்களா, குறிப்புப் போட்டார்களா என்று ஒரு வாரம் கழித்து அதே லிங்க்கைத் திறந்து பாருங்கள். வரி மாறியிருந்து குறிப்பு இல்லாவிட்டால், பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பலாம்.